மூன்றாவது சுற்று

"ஏம்மா, இது காரா, கட்டை வண்டியா? பின்னாடி வர்ற கான்வாய் மொத்தமும் நம்மளைத் திட்டிக்கிட்டு வருது!" பின்சீட்டிலிருந்து எக்கிப் பார்த்தார் சிவஞானம்.

திட்டுவதிலும் நியாயம் இருந்தது. ஜிர்காடாங் செக்போஸ்ட் கேட்டைத் தாண்டிப் பழங்குடிகளின் காட்டுக்குள் நுழைந்துவிட்டால் போலீஸ் காவலோடு வரிசையாகத்தான் போக வேண்டும்; நிற்கக் கூடாது, முந்தக் கூடாது. போலீஸ் ஜீப்புக்கு அடுத்த வண்டி இவர்களுடையது. அது ஒவ்வொரு மேட்டிலும் விசிலடித்து, கரும்புகை கக்கி, தவழ்ந்தது.

"டென்ஷன் மத் லோ, அங்கிள்," என்றாள் டாக்ஸி ஓட்டிய ஷோபனா.

"எப்படிம்மா டென்ஷன் ஆகாம இருக்கிறது? மதியப் படகைப் பிடிச்சு லாங் ஐலண்ட் போகணும். இவனுக்குக் காத்தமுத்து பொண்ணைப் பார்க்கணும். நாளைக்கு ஆடி பொறக்குது. இன்னிக்கு விட்டா ஒரு மாசம் போச்சு!"

'இவன்' என்று சுட்டப்பட்ட மகன் குணா முன்சீட்டில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். டாக்ஸியை ஏற்பாடு செய்தவன் அவன்தான். பயந்துவிட்டான் போல.

"முருகா, முருகா," என்றாள் அவன் அம்மா அன்னம்மாள், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு.

"கேட்டு வரைக்கும் பறந்துச்சே!" என்றார் சிவஞானம். "முட்டி வலிக்குதுன்னு இவ இறங்கல. நாம மூணு பேரும் போய் ஒரு டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள வண்டிக்கு என்ன கேடு வந்துச்சு?"

ஷோபனா கியரைக் குறைத்தாள். "அங்கிள், இந்த இன்ஜின் வெறும் ஆயிரத்து முந்நூறு சிசி. ஒரு தண்ணி பாட்டிலைவிடக் கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான். இது எப்படி நாலு பேரைத் தூக்கிட்டு மேடு ஏறுது, சொல்லுங்க?"

"எப்படி?"

"இன்ஜின்லேர்ந்து வீணா வெளிய போற புகை இருக்குல்ல, அது போற வழியில ஒரு காத்தாடி. நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல சுத்தும். அதே தண்டோட மறுமுனையில இன்னொரு காத்தாடி. அது வெளிக்காத்தை உறிஞ்சி, அமுக்கி, இன்ஜினுக்குள்ள திணிக்கும். காத்து கூடுனா டீசலும் கூட எரியும். அதான் டர்போ!"

"வெளிய போற புகையே உள்ள வர்ற காத்தைத் தள்ளுதா? அடேயப்பா!" சிவஞானம் சீட்டின் நுனிக்கு வந்துவிட்டார். "சரி, இப்ப என்ன கோளாறு?"

"ஊருக்குள்ளயே மெதுவா ஓட்டுனா வால்வுல கரி அடையும். மழைக்காலத்துல டீசல் ஃபில்டர்ல தண்ணி சேரும். ஆனா அதுக்கெல்லாம் இந்த விசில் வராது. காதைக் குடுத்துக் கேளுங்க. அமுக்குன காத்து பாதி வழியிலயே தப்பிச்சு ஓடுது. காத்து பத்தலேன்னா டீசல் அரைவேக்காடா எரியும். அதான் கரும்புகை."

பின்னால் லாரிக்காரன் அலறினான். "அரே, சலோ நா!"

"இருய்யா, பாடம் நடக்குதுல்ல!" என்று ஜன்னல் வழியே கத்தினார் சிவஞானம்.

ஒருவழியாக, வண்டிகளை ஏற்றிப்போகும் ஃபெர்ரி நிற்கும் ஜெட்டி வந்தது. நீர்ப்பரப்புக்கு அந்தப் பக்கம் பாராடாங் தீவு. ஷோபனா வண்டியை ஓரங்கட்டினாள். ஆனால் இன்ஜினை அணைக்கவில்லை.

"ஏம்மா, ஆஃப் பண்ணலையா?"

"ஒரு நிமிஷம் அங்கிள். டர்போ நெருப்பாக் கொதிச்சுக்கிட்டு இருக்கும். ஆயில் ஓடுனாத்தான் சூடு இறங்கும். மேடு ஏறி வந்தவங்களுக்கு மூச்சு வாங்க விடுறதில்லையா, அது மாதிரி."

பிறகு அணைத்து, பானெட்டைத் திறந்தாள். "இதோ பாருங்க, இந்த ரப்பர் ஹோஸ்! காத்து போற இந்தக் குழாயை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் லூசாகி நழுவியிருக்கு. குணா… சார், டூல் பையில ஸ்க்ரூடிரைவர் எடுங்க."

"காணோமே," என்றான் குணா.

திட்டிக்கொண்டு வந்த லாரிக்காரனே சிரித்துக்கொண்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனான். சிவஞானம் சட்டைக் கையை மடித்துவிட்டு ஹோஸைப் பிடித்துக்கொள்ள, ஷோபனா திருகினாள். இன்டர்கூலர் எதற்கு, சூடான காற்றை ஏன் ஆற வைக்க வேண்டும் என்று அவர் கேட்கக் கேட்க, அவள் சொல்லச் சொல்ல, வண்டிகள் ஒவ்வொன்றாக ஃபெர்ரியில் ஏறின. அவர் நிமிர்ந்து பார்த்தபோது ஃபெர்ரி நடு நீரில் இருந்தது.

"ஐயோ, ஃபெர்ரி!"

"அடுத்ததுல போனா லாங் ஐலண்ட் படகு கிடைக்காது அங்கிள். சாரி."

ஷோபனா வண்டியைக் கிளப்பி அவரை ஏற்றி, ஜெட்டி மேட்டில் ஒரு மிதி மிதித்தாள். விசில் இல்லை. புகை இல்லை. முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்ள, "ஆஹாஹா! இன்னொரு தடவை!" என்று கூவினார் சிவஞானம். மூன்று தடவை ஏறி இறங்கினார்கள்.

இறங்கியதும் மகனைத் தனியே இழுத்துப்போனார்.

"டேய், காத்தமுத்துகிட்ட நான் பேசிக்கிறேன். இப்படி ஒரு பொண்ணு நமக்குத் தேடுனாலும் கிடைக்குமாடா? வீடு நம்ம ஊரு ஷாதிபூர்லதானாம். நாளைக்குத்தானே ஆடி? திரும்பிப் போற கான்வாயைப் பிடிச்சா இன்னிக்கே அவங்க வீட்டுல பேசிடலாம். வேண்டாம்னு மட்டும் சொல்லிடாதே!"

"நீங்க சொன்னா சரிப்பா," என்றான் குணா. முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொள்ள அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

காருக்குள் அன்னம்மாள் ஷோபனாவின் பக்கம் சாய்ந்து கைப்பையைத் திறந்தாள்.

"இந்தா, உன் ஸ்க்ரூடிரைவர். கிளாம்பை ரெண்டு சுத்துதான் லூசாக்கணும்னு நீ படிச்சுப் படிச்சுச் சொல்லியும், நீங்க டீ குடிக்கப் போனப்ப பானெட்டைத் திறந்த அவசரத்துல மூணு சுத்து சுத்திட்டேன். அதான் ரொம்பப் புகைஞ்சிடுச்சு, மருமகளே!"