தாளம் கேட்க வந்தவர்கள்

அழைப்பு மணி அடித்ததும் டிரெய்னர் தபலாவிலிருந்து கையை எடுத்தார். புகார்தான். வேறு எதற்கு இந்த நேரத்தில் வரப்போகிறார்கள்?

வாசலில் மூன்றாவது மாடி வக்கீல் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"உங்க வாசிப்பைப் பத்தித்தான் பேசணும். உள்ள வரலாமா?"

ஒரு பெரிய கம்பெனியில், பிறர் பேசுவதைப் பொறுமையாகக் காதுகொடுத்துக் கேட்பது எப்படி என்று வருஷக்கணக்காக வகுப்பு எடுத்தவர் டிரெய்னர். அந்த வகுப்பில் கடைசிவரை வேறு யாரையும் அவர் பேச விட்டதில்லை. ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்ததும் ரத்த அழுத்தம் ஏறியது. தினமும் கொஞ்ச நேரம் இசை கேளுங்கள் என்றார் முதல் மாடி டாக்டர். கேட்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. தபலா வாங்கிவிட்டார்.

சனிக்கிழமை ஒரு மாஸ்டரிடம் வகுப்பு. மற்ற நாள் சாயங்காலமெல்லாம் ஹாலில் சாதகம். கீழ்வீட்டு நர்ஸுக்கு ராத்திரி டியூட்டி, அவள் தூங்குவதே சாயங்காலத்தில்தான். எதிர்வீட்டில் கைக்குழந்தை. குடியிருப்போர் சங்கத் தலைவர் வந்து, கொஞ்சம் மெதுவாக வாசிக்க முடியுமா என்று பதமாகக் கேட்டுப் பார்த்தார். மறுநாளிலிருந்து டிரெய்னர் காலையிலும் வாசித்தார்.

மனைவி அதையே சொன்னபோது இன்னும் மோசம். சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு, இந்த வீட்டில் கலைக்கு மரியாதை இல்லை என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். ராத்திரி பட்டினியாகவே படுத்தார். அந்த அம்மாளும் சாப்பிடவில்லை.

ஆகவே இப்போது வக்கீலுக்கு நாற்காலியைக் காட்டும்போதே சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தார். வக்கீல் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். தீன்தாள் என்கிற தாளத்தில் பதினாறு மாத்திரை என்கிறார்களே, அதை ஏன் நாலு நாலாகப் பிரிக்கிறார்கள் என்று கேட்டார்.

டிரெய்னர் ஒரு நாற்காலியை வக்கீலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பேச்சு வந்தது. வந்தது நிற்கவில்லை.

தா தின் தின் தா என்று வாயாலேயே சொல்லி, விரலை மடக்கிக் காட்டினார். நாலு பகுதியில் மூன்றுக்குக் கையைத் தட்ட வேண்டும், மூன்றாவது பகுதிக்கு மட்டும் கையை விரிக்க வேண்டும், அதற்குப் பெயர் காலி, அங்கே இடது கை முழங்காது என்று விளக்கினார்.

"அடிக்காம விடுற இடம்தான் சார் தாளத்துக்கே அழகு."

"அதை இன்னும் கொஞ்சம் விளக்கமாச் சொல்லுங்களேன்," என்றார் வக்கீல்.

மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். வக்கீல் கிளம்பும்போது தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது.

மறுநாள் சாயங்காலம் நர்ஸ் வந்தாள். தபலா நடுவில் கறுப்பாக வட்டமாக இருக்கிறதே, அது எதற்கு என்று தெரிந்துகொள்ளாவிட்டால் தூக்கம் வராது என்றாள். அதற்கடுத்த நாள் எதிர்வீட்டுப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, தாளத்துக்கும் லயத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாள். பேச்சு முடியும்வரை குழந்தை அயர்ந்து தூங்கியது. பிறவியிலேயே லய ஞானம் உள்ள குழந்தை என்று டிரெய்னர் சொன்னார்.

டாக்டரும் வந்தார். தபலாவின் வரலாற்றை ஆதியோடந்தமாகக் கேட்டுவிட்டு, போகிற போக்கில் ரத்த அழுத்தத்தைப் பார்த்தார். நன்றாக இறங்கியிருந்தது. மருந்தைக் குறைத்துவிடலாம், ஆனால் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றார்.

டிரெய்னர் ஆளே மாறிப்போனார். லிஃப்டில் எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். காலையில் குறிப்பெடுக்கவும் சாயங்காலம் விளக்கவுமே சரியாகிறது, சாதகம் செய்யத்தான் நேரமில்லை, ரசிகர்கள் விட்டால்தானே என்று பெருமையாக அலுத்துக்கொண்டார். வீட்டில் மதிக்காவிட்டால் என்ன, கட்டடமே மதிக்கிறது என்று மனைவியிடம் குத்திக்காட்டினார். தான் சொன்னது தப்புதான் என்று அந்த அம்மாள் ஒப்புக்கொண்டார். அன்றைக்கு டிரெய்னர் இரண்டாவது தடவை சாதம் போட்டுக்கொண்டார்.

அடுத்த சாயங்காலம் சங்கத் தலைவரே வந்தார். எட்டு மாத்திரைத் தாளத்துக்கும் பதினாறு மாத்திரைத் தாளத்துக்கும் நடையில் என்ன வேறுபாடு என்று பவ்யமாகக் கேட்டார். முன்பு மெதுவாக வாசிக்கச் சொன்ன அதே மனிதர். டிரெய்னர் அவரை மன்னித்து, இரண்டையும் விஸ்தாரமாக விளக்கினார்.

விடைபெறும்போது தலைவரின் கண்கள் சொருகியிருந்தன. மனைவி அவரை வாசல்வரை கொண்டுவிட்டு, கதவைத் தனக்குப் பின்னால் மெல்லச் சாத்தினார்.

"ரொம்ப நன்றிங்க. நாளைக்கு மறுபடியும் வக்கீல் சார் முறை. ஞாபகப்படுத்திடுங்க."

தலைவர் தலையாட்டினார். டிரெய்னருக்குத் தெரிந்தால் மனசு ஒடிந்துபோவாரே என்று கவலைப்பட்டார். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்ததில்லை என்றார் மனைவி.

"அதெல்லாம் சரிம்மா. சனிக்கிழமை கிளாஸுக்குப் போவாரே, அங்க வாசிச்சுப் பழகிட்டு வந்துட்டா?"

"அந்தக் கவலை வேண்டாம். சனிக்கிழமை முறையை அவரோட மாஸ்டரே கேட்டு வாங்கிக்கிட்டார்."