நீட்டிய கை

காலிலிருந்து எடுக்கும் ரத்தக்குழாயை இதயத்தில் வைத்துத் தைக்கும் கருவிகளைத் தட்டில் அடுக்கியிருந்தாள் புது நர்ஸ் கலையரசி. பிரபாவதி சிஸ்டர் தொடாமல், கண்ணாலேயே சரிபார்த்தாள்.

“ஊசி பிடிக்கிறத முன்னாடி வை. டாக்டர் வாயத் தொறந்து கேக்க மாட்டாரு. கையத்தான் நீட்டுவாரு.”

டாக்டர் பிரேம்குமார் உள்ளே வந்தார். “வெளிய யாரு இருக்காங்க, சிஸ்டர்?”

“யாரும் இல்லீங்க டாக்டர். திண்டிவனத்துலேர்ந்து தம்பி வரணும். விழுப்புரம் பஸ் ஏறிட்டியான்னு கேக்கலாம்னா, போனையே எடுக்கல.”

“ஆபரேஷன் முடிஞ்சதும் யார்கிட்ட போய்ச் சொல்றது?”

“கண்ணு முழிச்சதும் பேஷன்ட்டுகிட்டயே சொல்லிடுங்க.”

டாக்டர் கையை நீட்டினார். இத்தனை வருடமாக அந்தக் கையில் ஊசி வைத்துப் பழகிய பிரபாவதி, இன்று அந்தக் கையையே பிடித்துக்கொண்டு ஆபரேஷன் மேஜைமேல் ஏறிப் படுத்தாள்.