சமையல் மேடையின் மூலை ஜாயின்ட்

ரெக்ஸ் கையிலிருக்கும், மரம் வெட்டும் ரூட்டர் மிஷின் கத்துகிறது. அதற்கு வழிகாட்டும் ஜிக் தகடு நகராமல் நான் அழுத்திப் பிடித்திருக்கிறேன். சமையல் மேடைக்கு இருப்பது இந்த ஒரு பலகைதான். விளிம்பு பெயர்ந்தால் எங்கள் கூலி போய்விடும். வீட்டுக்கார ஜோசப்பின் அக்கா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறார். "நாளைக்கு ஃபாதர் வீடு மந்திரிக்க வர்றாரு. இன்னும் கத்திக்கினே இருக்குதே!" "மிஷினை நிறுத்திடவா? பல்லால கடிச்சு வெட்டறேங்க்கா," என்கிறான் ரெக்ஸ். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணெல்லாம் மரத்தூள். வெட்டிய இரண்டு துண்டுகளையும் மூலையில் சேர்த்து அடியில் போல்ட்டை முறுக்குகிறோம். பசை கோடாகப் பிதுங்குகிறது. துடைக்கிறேன். அக்கா வந்து ஜாயின்ட் மேல் நகத்தை ஓட்டிப் பார்க்கிறார். நடுவில் நகம் தடுக்குகிறது. ரெக்ஸ் என்னைப் பார்க்கிறான். அக்கா குனிந்து ஊதுகிறார். கதவு வைக்காத ஜன்னல் வழியே உப்பளத்துக் காற்று கொண்டுவந்து போட்ட ஒரு உப்புப் பரல் உருண்டு விழுகிறது. மறுபடி ஓட்டுகிறார். நகம் சுவர் வரைக்கும் வழுக்கிக்கொண்டு போகிறது.