திருட்டு முட்டை

துணி காயப்போடப் போன மனைவியின் காலடிச் சத்தம் மொட்டை மாடியில் கேட்டதும், டிக்கெட் பரிசோதகர் எழுந்துபோய் ஃபிரிட்ஜைத் திறந்தார். ரயிலில் டிக்கெட் இல்லாமல் வந்தவர்களையெல்லாம் பிடித்து இறக்கிவிட்டு ஓய்வு பெற்ற மனிதர், இப்போது சொந்த வீட்டில் முட்டை திருடிக்கொண்டிருந்தார்.

டப்பா கீழ்த்தட்டில் கீரைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. வேகவைத்து உரித்த முட்டைகள், மஞ்சள் கரு மட்டும் கிடையாது. மஞ்சள் கருவை முதலில் தின்றுவிட்டு வெள்ளையை அப்புறத்துக்கு எடுத்து வைக்கிறாள் போலிருக்கிறது. திருடித் தின்கிறவன் குறை சொல்ல முடியுமா? நின்றபடியே இரண்டை விழுங்கிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

டயாலிசிஸ் ஆரம்பித்ததிலிருந்து அவருக்கு நாக்கு செத்துப்போயிருந்தது. முதலில் அவள் தட்டும் கையுமாகப் பின்னாலேயே வந்து கெஞ்சினாள். சாப்பிடு என்று யாராவது சொன்னாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். சட்டை ஆணியில் மாட்டிய மாதிரி உடம்பில் தொங்கியது. டாக்டர் சாப்பாட்டைப் பற்றிப் பேசினால் அவருக்குக் காது அடைத்துக்கொள்ளும். அதைக் கேட்டு வைத்துக்கொள்வது அவள் வேலை.

திடீரென்று ஒருநாள் அவள் கெஞ்சுவதை நிறுத்திவிட்டுச் சட்டம் போட்டாள்.

"ஏங்க, இனிமே முட்டை உங்களுக்குக் கிடையாது. வாங்கினா எனக்கு மட்டும்தான். கை வச்சீங்கன்னா பாருங்க."

"டாக்டரா சொன்னாரு?"

"பின்ன, நானாவா சொல்றேன்?"

அன்றைக்குப் பிடித்த ஆசைதான். ஆனால் ஆசை ஒரு பக்கம் இழுத்தால் பயம் மறுபக்கம் இழுத்தது. மாதாமாதம் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். அதில் ஆல்புமின் என்று ஒன்று உண்டு. டயாலிசிஸ் செய்துகொள்கிறவன் இன்னும் எத்தனை நாள் ஓடுவான் என்பதை அதைப் பார்த்தே ஓரளவு ஊகித்துவிடலாமாம்.

"அது இறங்கிட்டே போனா நாமளும் இறங்க வேண்டியதுதான் சார்," என்று டயாலிசிஸில் பக்கத்துக் கட்டில்காரர் அவருக்கே ரயில் பாஷையில் விளக்கியிருந்தார்.

போன தடவை அவருடையது மூன்றுக்கும் கீழே கிடந்தது. திருட்டு முட்டை அதை இன்னும் பாதாளத்துக்குத் தள்ளியிருக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. சாகப் பயமாக இருந்தது. அவள் முன்னால் மாட்டிக்கொள்வது அதைவிடப் பயமாக இருந்தது.

அடுத்த வாரம் இருவரும் டாக்டர் எதிரே உட்கார்ந்தார்கள். டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் எடுத்தார். பரிசோதகர் மின்விசிறியைப் பார்த்தார். டிக்கெட் இல்லாதவர்கள் தன் முன்னால் இப்படித்தான் மேலே பார்ப்பார்கள் என்பது அவருக்கு நினைவு வந்தது.

"சார், வீட்ல என்ன சாப்பிடறீங்க?"

அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"நான் வைக்கறதைத் தவிர அவர் எதையும் தொடறதில்ல டாக்டர்."

டாக்டருக்கு ஏனோ இருமல் வந்தது. பரிசோதகருக்குக் கண் கலங்கியது. இவ்வளவு நம்புகிற வெகுளியை ஏமாற்றிவிட்டோமே என்று மனசு உறுத்தியது.

"உடம்புல புரதம் சேர்ந்து ஆல்புமின் நல்லா ஏறியிருக்கு, மூணரையைத் தாண்டிடுச்சு. பாஸ்பரஸும் கட்டுக்குள்ள இருக்கு. இப்படியே போனா கவலைப்பட ஒண்ணுமில்ல சார்."

போன உயிர் திரும்பி வந்தது. ரத்தப் பரிசோதனை என்பதெல்லாம் வெறும் கண்துடைப்பு, ஒரு முட்டையைக் கண்டுபிடிக்கக்கூட அதற்குத் துப்பில்லை என்று பரிசோதகர் அந்த நிமிடமே முடிவு கட்டினார்.

"வெளியில எடை பார்த்துட்டு வந்துடுங்க," என்றார் டாக்டர்.

நிமிர்ந்த நடையுடன் வெளியே போனவர், மூக்குக்கண்ணாடியை மேசையிலேயே விட்டுவிட்டது தெரிந்து திரும்பி வந்தார். சாத்தியும் சாத்தாமலும் இருந்த கதவுக்கு அந்தப் பக்கம் மனைவியின் குரல் தணிந்து கேட்டது.

"அடுத்த மாசம் மீனை ஒளிச்சு வைக்கட்டுமா டாக்டர்?"