கலர் இல்லாத லினக்ஸ்

“கலர் மானிட்டர் எங்க மாப்ள? வித்துத் தின்னுட்டியா?”

ஹுமாயூன் செருப்பைக்கூடக் கழற்றாமல் அறை நடுவில் நின்று கத்தினான். நான்கு வருடம் கழித்து துபாயிலிருந்து லீவில் வந்தவன், பெட்டிகளை ராஜபாளையம் வீட்டில் போட்டுவிட்டு, தங்கை மெகராஜைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறியிருந்தான். போன வருடம் அவளுக்கென்று அவன் அனுப்பிவைத்த கம்ப்யூட்டர் மேஜைமேல் இருந்தது. ஆனால் அதன்மேல் உட்கார்ந்திருந்தது, ஏதோ மில் ஆபீசில் கழித்துப்போட்ட பழைய கறுப்பு வெள்ளை மானிட்டர்.

“வித்துட்டேன் மச்சான். ஒரு அவசரம்,” என்றான் தங்கையின் கணவன் சேக் முகைதீன்.

“என்ன அவசரம்?”

சேக், கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்த மெகராஜ் பக்கம் திரும்பினான். அவள் வேண்டாம் என்பதுபோல் தலையை லேசாக அசைத்தாள். அண்ணன் உள்ளே வந்ததுமே வைத்த சேலை அவள் மடியில் கிடந்தது.

“ஏட்டி, நீ சொல்லு. சேலை கலராவது பிடிச்சிருக்கா, இல்ல அதையும் இவன் விக்கணுமா?”

“நீங்க எடுத்தது பிடிக்காமப் போகுமாண்ணே? ஜரிகை நல்ல அழுத்தமா இருக்கு,” என்றாள். விரல்கள் கரையை வருடிக்கொண்டிருந்தன. முகம் மட்டும் இரண்டு ஆண்களும் நின்ற பக்கமே இருந்தது.

ஹுமாயூன் கம்ப்யூட்டரைப் போட்டான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஓடி நின்றன. படம் இல்லை, விண்டோ இல்லை, மவுசும் இல்லை.

“இது என்ன கருமம்?”

“லினக்ஸ் மச்சான், விண்டோஸுக்குப் பதிலா. ஸ்லாக்வேர்.”

“லினக்ஸை எனக்கே சொல்லித் தாரியா? எங்க ஆபீஸ்ல அம்புட்டு மிசின்லயும் லினக்ஸ்தான் ஓடுது. ஆளுக்கு ஒரு பேருல, ஆளுக்கு ஒரு விதமா வெளியிடுறாங்க. அதுல வீட்டுக்கு எது தோதுன்னு பாத்துப் போடணும்ல?”

பையிலிருந்து ஒரு சிடியை எடுத்து சேக்கின் முகத்துக்கு நேரே நீட்டினான். அட்டையில் நீலத் திரையும் வண்ண வண்ணப் படங்களும் இருந்தன.

“ரெட் ஹேட். பாத்தியா? எல்லாம் படமா வரும், அமுக்கினாத் திறக்கும். வீட்டுல இருக்க பொம்பளைக்கு இதைப் போடாம, பரீட்சைப் பேப்பர் மாதிரி வெறும் எழுத்தை ஓடவிட்டிருக்க.”

“அவளுக்கு எழுத்து போதும் மச்சான். ஸ்லாக்வேரே இருக்கட்டும்.”

“ஏன் போதும்? மட்டமானது போதுமா என் தங்கச்சிக்கு? அத்தா மவுத்தான பொறவு அவள நான் எப்படி வளத்தேன்னு தெரியுமால உனக்கு? டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணவச்சு உன் கையில குடுத்தேன். நல்ல மானிட்டரை வித்துட்ட. படம் கலர்ல வரலைன்னா வித்தது தெரிஞ்சிரும்னு, வெறும் எழுத்தா ஓடுற இந்த லினக்ஸைப் போட்டு மறைச்சிருக்க. அதான?”

சேக் மேஜையருகே வந்தான். “நீங்க நினைக்கிறதை நினைச்சுக்கங்க. அந்த சிடியை மட்டும் போடாதீங்க.”

“போட்டா என்ன செய்வ?”

ஹுமாயூன் சிடியைக் கம்ப்யூட்டர் தட்டில் வைத்துத் தள்ளினான். “இதுல உள்ளது அம்புட்டையும் அழிச்சிட்டு, நானே போடுதேன். செத்த நேரத்துல முடிஞ்சிரும்.”

சேக் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தான். “அழிக்காதீங்க மச்சான். ஆறு மாசம் ராப்பகலா மல்லுக்கட்டி ஓடவச்சது. திரும்ப வருமான்னு எனக்கே தெரியாது.”

“கைய எடுல.”

“எடுக்க மாட்டேன்.”

ஹுமாயூன் அவன் கன்னத்தில் விட்ட அறையின் சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். சேக் கன்னத்தைத் தடவவில்லை, கையையும் விடவில்லை.

“அண்ணே!”

மெகராஜ் எழுந்துவிட்டாள். சேலை தரையில் நழுவி விழுந்தது. “இவிய மேல கைய வைக்காதீங்க. இன்னும் ஒரு அடி விழுந்துச்சு, இந்த வீட்டுக்கு நீங்க வரவே வேண்டாம்.”

ஹுமாயூன் திகைத்துப்போய் நின்றான். தங்கை அவனிடம் குரல் உயர்த்திப் பேசியதே இல்லை. “உன்னைய ஏமாத்துனவனுக்காகவா என்னைய விரட்டுத?”

“யாரும் யாரையும் ஏமாத்தல. அவசரம்னு சொன்னாவியள்ல, அது எனக்காகத்தான்.”

அவள் நாற்காலியில் உட்கார்ந்து கீபோர்டில் பத்து விரலையும் வைத்துத் தட்டினாள். மானிட்டரின் பின்னாலிருந்த ஒரு சின்னப் பெட்டி, அவள் தட்டத் தட்ட, கரகரத்த குரலில் ஒவ்வொரு எழுத்தாக இங்கிலீஷில் சொன்னது. கடைசியில் அந்த வரி முழுவதையும் படித்துக் காட்டியது.

“மானிட்டரை வித்துத்தான் இந்தப் பெட்டியை வாங்குனாவிய. இதைப் பேசவைக்க ஸ்லாக்வேர்லதான் வழி கிடைச்சுது.”

“எழுத்துதான் திரையிலயே வருதே. அதை எதுக்குட்டி ஒரு பெட்டி படிச்சுச் சொல்லணும்?”

மெகராஜின் விரல்கள் கீபோர்டிலேயே நின்றன. “போன்ல சொன்னா நீங்க வேலையை விட்டுட்டு ஓடியாந்துருவீக. அதான் சொல்லக்கூடாதுன்னு இவியட்ட சத்தியம் வாங்குனேன்.”

“எதைட்டி சொல்லக்கூடாதுன்ன?”

“எனக்குக் கண்ணு தெரியலண்ணே.”