ஒரே அட்டை

மதியத்துக்கு மேல் ஓசூர் வெயில் கம்பெனியின் தகரக் கூரையில் இறங்குகிறது. கன்வேயரில் மீட்டர் பெட்டிகள் நகர, பெண்கள் நின்றபடியே ஸ்க்ரூ முடுக்குகிறார்கள். கழிப்பறைக்குப் போக லைனுக்கு ஒரே அட்டைதான். போகிறவர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். பலருடைய வியர்வையில் அதன் நாடா கறுத்திருக்கிறது. தர்ஷினி இரண்டு முறை கேட்டுவிட்டாள். “டார்கெட் முடியட்டும்மா” என்று சொன்ன சூப்பர்வைசர் ஜெகதீஷ், இப்போது தானே எழுந்து கழிப்பறைப் பக்கம் நடக்கிறார். தர்ஷினிக்குப் பக்கத்தில் நிற்கும் முத்துமணி, கொக்கியிலிருந்து அட்டையைக் கழற்றி நீட்டுகிறாள். “சார், கார்ட உட்டுட்டுப் போறீங்களே.” யாரும் சிரிக்கவில்லை. அவர் முறைக்கிறார். பிறகு, மாடியிலிருந்து மேனேஜர் பார்க்கும் கேமராவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அட்டையை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகிறார். தர்ஷினி காலை மாற்றி ஊன்றி, அட்டை திரும்பி வரக் காத்து நிற்கிறாள்.