தோடம்பழக் குளிசை

திருகோணமலைத் துறைமுகத்தைப் போர்த்துக்கேயர் பிடித்தார்கள், ஒல்லாந்தர் பிடித்தார்கள், பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள், ஆங்கிலேயரும் பிடித்தார்கள். ஆனால் துறைமுக அலுவலகத்தின் இளைப்பாறிய தலைமை இலிகிதர் கனகசிங்கத்தை ஒரு தடிமன் காய்ச்சல்கூடப் பிடித்தது கிடையாது. இது அவரே உட்துறைமுக வீதியில் நின்று பலருக்கும் சொன்ன வரலாறு.

அப்பேர்ப்பட்டவர் இன்று டொக்டர் அபூதாஹிரின் டிஸ்பென்சரிக் கதிரையில் சீனி வியாதி பிடித்த சலரோகக்காரராக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி குணமணி சேலைத் தலைப்பை வாயில் வைத்து விம்மிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் என்னாலைதான்."

"ஓம், உம்மாலைதான். சக்கரைப் பொங்கலுக்கு அள்ளிக் கொட்டேக்கையே சொன்னனான். அழாதையும், டொக்டர் சிரிக்கப் போறார்."

போன கிழமை சோதனைக்கென்று தம்முடைய சிறுநீரைப் போத்தலில் பிடித்து, பேப்பரில் சுற்றி, "ஒரு துளி சிந்தப்படாது" என்று உத்தரவிட்டு அவளிடம்தான் கொடுத்தனுப்பினார். தலைமை இலிகிதராக இருந்தவர் சலப் போத்தலோடு தெருவில் போவதா? குணமணி போனாள், குடையை மறந்துவிட்டேன் என்று பாதி வழியில் வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தாள், சற்று நேரம் கழித்துக் குடையோடு மறுபடி போனாள். டொக்டர் அதை நீல மருந்தில் விட்டுச் சூடாக்க, சீனி இருப்பதன் அடையாளமாக அது செங்கல் நிறமாகிவிட்டது.

அன்று தொடங்கியது பாகற்காய். பெருநாளுக்கு அயலவர் கலீலுர் றஹ்மான் வீட்டிலிருந்து வந்த இனிப்பு வட்டிலப்பத்தைக் கனகசிங்கம் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார். அவர் கண் கலங்கியதைக் கண்ட குணமணி, குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

டொக்டர் ஒரு பைக்கற்றை எடுத்து மேசையில் வைத்தார். "இண்டையில இருந்து இந்தக் குளிசை, ஐயா. சீனியை இறக்கும். சலரோகம் இல்லாத ஆள் போட்டா மயங்கி விழுந்திடும், உசிருக்கே மோசம். உங்களுக்குத்தான் இருக்கே, பயப்படாதீங்க."

குணமணியின் விம்மல் சட்டென்று நின்றது. "டொக்டர், இன்னொருக்காச் சோதிச்சுப் பார்த்தால் என்ன?"

"துறைமுகத்திலை நான் வைச்ச கையெழுத்தை ஆரும் ரெண்டாந்தரம் சரிபார்த்ததில்லை," என்றார் கனகசிங்கம். "சோதிச்சது சோதிச்சதுதான். நீர் சும்மா இரும்."

"வேற ஏதும் மருந்து எடுக்கிறீங்களா, ஐயா?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவர் காத்திருந்தார். கப்பலில் வேலை செய்யும் மருமகன் கொண்டுவந்த விற்றமின் சி போத்தல், அவர் வீட்டு விறாந்தை அலுமாரியில் வருபவர் கண்ணில் படும்படி நின்றது. சப்பித் தின்கிற, ஆரஞ்சு மணக்கும் தோடம்பழக் குளிசை. சீனி கூப்பனுக்கே தட்டுப்பாடாகி, ஊரே பாலில்லாத பிளேன்ரீக்குப் பனங்கட்டியைக் கடித்துக் குடித்து, கடைசியில் பனங்கட்டியும் அருமையாகிவிட்ட நாட்களில் அந்தப் போத்தல் குறையக் குறைய அவர் மதிப்பு ஏறியது.

"விற்றமின் சி! விடியவும் பொழுதுபடவும்! பல்லு முரசிலை ரத்தம் வராது, புண் கெதியா ஆறும். முந்தின கப்பல்காரர் இது கிடைக்காமல்தானே பல்லுக் கொட்டிச் செத்தவை. முக்கால் போத்தல் முடிச்சிட்டன். பக்க விளைவு எண்டு ஒரு மண்ணும் இல்லை."

டொக்டர் கதிரையை விட்டே எழும்பிவிட்டார். "அல்ஹம்துலில்லாஹ்! இதை முதல்லயே சொல்லப்படாதா? அதை அளவுக்கு மிஞ்சித் திண்டா சலத்துல சீனி இல்லாட்டியும் அந்த நீலம் சிவந்திடும். உங்களுக்குச் சலரோகமே இல்லாம இருக்கலாம்!"

மகிழ்ந்திருக்க வேண்டியவர் முகம் தொங்கிப்போயிற்று. மேசையிலிருந்த பைக்கற்றைப் பார்த்தார், குணமணியைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

"டொக்டர்... உயிர்க் கதையெண்டபடியால் சொல்லுறன். நான் அதைத் தின்னிறேல்லை. முதல் நாள் ஒரு கை அள்ளிப் போட்டனான். வயித்தாலை அடிச்சு, அண்டு முழுக்கக் கக்கூசை விட்டு வெளிய வர ஏலாமல் போச்சு. பிறகு தொடவேயில்லை."

"முக்கால் போத்தல் முடிஞ்சுதே! அப்ப திண்டது யாரு?"

"தெரியாது. கேட்டால் நான் தின்னிறேல்லை எண்டது வெளியிலை வந்திடும். அதாலை ஒருத்தரையும் கேக்கேல்லை."

டொக்டர் பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார். "அப்ப இது சலரோகமேதான்," என்று பைக்கற்றைக் கனகசிங்கத்தின் பக்கம் தள்ளினார்.

குணமணி பாய்ந்து அதன் மேல் கையை வைத்தாள்.

"பிளேன்ரீக்குக் கடிச்சது நான்தான், டொக்டர். இனிப்பாய் இருந்துது."

கனகசிங்கத்துக்குத் தலைமை இலிகிதர் குரல் திரும்ப வந்துவிட்டது. "கள்ளி! சரி, நீர் தின்னதுக்கு என்ரை சலம் ஏன் சிவக்குது?"

குணமணி நிலத்தைப் பார்த்தாள்.

"உங்கடை சலம் மடத்தடிச் சந்தியிலை ஊத்துப்பட்டுப் போச்சு. டொக்டருக்குக் குடுத்தது என்ரை."